கழுத்தில் தொங்கிய வரி

தெய்வசிகாமணிக்கு நாற்றத்தில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. மீன் நாற்றம், சாக்கடை நாற்றம், கருவாட்டுக் கிடங்கின் நாற்றம் எல்லாம் தண்ணீர் பட்டால் போகிற நாற்றம். அதற்கெல்லாம் அவர் மூக்கைப் பிடித்ததே இல்லை. வரியின் பேரைச் சொல்லி ஏழையின் கையில் இருப்பதைப் பிடுங்குகிறவனின் நாற்றம் வேறு. அது எங்கிருந்தாவது வந்தால் அவரால் தாங்க முடியாது. சட்டைப்பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் திறக்குமுன்பே அவர் கிராம்பு மெல்லத் தொடங்கிவிட்டார்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் வரி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். கொடி மாறியதும் வேலையை உதறிவிட்டு, பெரிய கடை ஓரமாக ஓர் அறை பிடித்துச் சின்ன வியாபாரிகளுக்கு வரி யோசனை சொல்ல உட்கார்ந்தார். கொடி மாறி இரண்டு வருஷமாகியும் புதுச்சேரிக்குக் குழப்பம் தீரவில்லை. சட்டம் பழசு, அதிகாரி புதுசு. எதைக் கட்டுவது, எதைக் கட்ட வேண்டாம் என்று தெரியாமல் ஜனங்கள் முழித்தார்கள். முழிக்கிறவனைச் சுற்றித்தானே ஈ மொய்க்கும்? போலி வரிக்காரர்களை மோப்பம் பிடிப்பதே அவருக்குப் பாதி வேலையாகிப்போனது. கடைத்தெருவில் அவருக்குத் 'துப்பு ஐயா' என்றே பேர் விழுந்துவிட்டது. கூடவே இருப்பவன் அம்மாவாசை. முன்பு துரைமார்களை வைத்துப் புஸ்புஸ் வண்டி தள்ளியவன். நாற்பது வயதில் கால் ஓய்ந்துவிட்டது, வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை; தெய்வசிகாமணியைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்றுதான் கூப்பிடுவான்.

குருசுக்குப்பத்து மீன்காரி அஞ்சலாட்சி வாசலில் கூடையை இறக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவளோடு மீன் விற்கிற தனக்கொடியை நேற்றுச் சாயங்காலம் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நகராட்சிக்குச் சொந்தமான பித்தளை வில்லையைத் திருடிக் கழுத்தில் மாட்டியிருந்தாளாம். நாளைக் காலையில் கோர்ட்.

"அவ திருடலிங்க. எங்க எல்லாரு கழுத்துலயும்தான் கெடக்குது. அவ திருடின்னா குப்பமே திருடிங்கதான்" என்றாள் அஞ்சலாட்சி. முந்தானைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை வெளியே இழுத்தாள். தாலிக்கயிறு. தாலியோடு சேர்த்து வட்டமான பித்தளை வில்லை ஒன்றை முடிந்திருந்தாள்.

தெய்வசிகாமணி குனிந்து படித்தார். மேலே நகராட்சியின் பேர். நடுவே ஓர் எண். கீழே பிரெஞ்சில் ஒரே ஒரு சொல். அவர் நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. இன்னொரு கிராம்பைத் தேடினார்.

இதைக் கொடுத்தது யார் என்று கேட்டார். பேர் தெரியாது, வரிக்கார ஐயா என்றுதான் தெரியும் என்றாள். துரைத் தொப்பி, கண்ணாடி, சைக்கிள், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. புது சர்க்கார் வந்துவிட்டது, இனிமேல் கூடை தூக்குகிறவளுக்கும் தொழில் வரி உண்டு என்று சொன்னாராம். காசு வேண்டாம், வாராவாரம் வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு மீன் கொடுத்தால் போதும். இந்த வில்லை கழுத்தில் கிடக்கும்வரை ஒருவனும் தொட மாட்டான் என்றாராம்.

"அதே மாதிரி ரெண்டு வருசமா ஒருத்தரும் தொடலிங்க" என்றாள்.

அம்மாவாசை குறுக்கிட்டான். அவன் மாமனார் ஊரில் ஒருவன் யானை வராமலிருக்க மந்திரித்த கயிறு விற்றானாம். இந்தப் பக்கம் யானையே கிடையாதே என்று கேட்டதற்கு, பார்த்தாயா, கயிறு எப்படி வேலை செய்கிறது என்றானாம்.

கதை அதேதான். கடை வைத்தால் தொழில் வரி உண்டு. கடை எந்தத் தெருவில், என்ன சரக்கு என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மீனும் கீரையும் பழமும் தலையில் சுமந்து நடந்து விற்கிறவளுக்கு அந்தக் காலத்திலும் வரி இல்லை, இந்தக் காலத்திலும் இல்லை. இல்லாத வரியைக் கட்டாதவளை எவன் பிடிப்பான்? தெய்வசிகாமணி இதைப் பொறுமையாக அவளுக்குச் சொன்னார். வரி என்றால் ரசீது கொடுக்க வேண்டும், ரசீது கொடுக்காதவன் வாங்குவது வழிப்பறி என்றும், எந்த சர்க்காரும் மீனை வரியாக வாங்காது என்றும் சொன்னார். வில்லையில் எழுதியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. வில்லையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கியதும் அம்மாவாசை கேட்டான். "அதுல என்னா போட்டிருக்கு முசே? உங்க மூஞ்சி செத்துப்போச்சே."

"ஷியேன்னு போட்டிருக்கு."

புஸ்புஸ் தள்ளிய இருபது வருஷத்தில் அம்மாவாசை அந்தச் சொல்லைப் பலமுறை வாங்கியிருக்கிறான். நாய். பிரெஞ்சுக்காரன் சட்டத்தில் வீட்டில் நாய் வளர்த்தால் வருஷா வருஷம் நாய் வரி. கட்டியதற்கு அடையாளம் நாயின் கழுத்துப் பட்டையில் பித்தளை வில்லை. வில்லை இல்லாத நாயை நகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போய்க் கொன்றுவிடும்.

அம்மாவாசை தெருக்கோடியில் நின்று திரும்பினான். "ஒரு நாயி இன்னொரு நாயிக்குக்கூட இதச் செய்யாது முசே" என்றான்.

காவல் நிலையத்தில் அதிகாரி கலியமூர்த்தி நாற்காலியெல்லாம் போட்டு உபசரித்தார். உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று நெளிந்துகொண்டே இருந்தது. கௌரவமான ஒருவர் வாய்மொழியாகப் புகார் கொடுத்திருக்கிறார், பேரைச் சொல்வதற்கில்லை என்றார். வில்லையைத் தந்தவன் என்று ஓர் ஆளை இன்றைக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் இவளை விடலாம், இல்லாவிட்டால் நாளைக் கோர்ட்டுதான் என்றார்.

தனக்கொடிக்கு முப்பது வயதிருக்கும். அழுத தடம் எதுவும் இல்லாமல் சுவரோரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெயிலுக்கு அவள் பயப்படவில்லை. வாசல் வாசலாக ஏறி இறங்கி விற்கிறவளுக்குத் திருடி என்று ஒருதரம் பேர் விழுந்தால் அப்புறம் எந்தப் படியிலும் கூடையை இறக்க முடியாது. பிழைப்பே அந்தப் படிகள்தான். அதை அவள் சொல்லவில்லை, தெய்வசிகாமணிக்கே தெரிந்திருந்தது.

போன வாரம் வலையில் ஒன்றும் விழவில்லை, அதனால் மீன் கொடுக்கவில்லை என்றாள். வில்லையைத் திருப்பிக் கொடு என்று வரிக்காரன் கேட்டிருக்கிறான். இரண்டு வருஷம் மீன் கொடுத்திருக்கிறேன், ஏன் தர வேண்டும் என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அடுத்து வந்தது போலீஸ்.

"என்ன மீன் கேப்பான்?" என்றார் தெய்வசிகாமணி.

"வெள்ள வவ்வாலு. வேற எதுவும் தொட மாட்டாரு. அதுவும் ஒரு சாண் இருக்கணும். சின்னதா இருந்தா வேணாம்பாரு, பெருசா குடுத்தாலும் வேணாம்பாரு."

அவர் எழுந்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதுல என்னா எழுதியிருக்குங்க? நேத்துலேருந்து ஒவ்வொருத்தரா வந்து படிச்சுட்டு, சிரிச்சுட்டுப் போறாங்க" என்றாள். சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், வாசலில் நின்று காறித் துப்பினார். அவர் தெருவில் துப்பி அம்மாவாசை பார்த்தது அன்றுதான்.

"ஆள் மாட்டிக்கிட்டான். மீன் காட்டிக்கொடுத்துடுச்சு" என்றார்.

அம்மாவாசைக்குப் புரியவில்லை. அவர் நடந்துகொண்டே சொன்னார். பெரிய மீனைச் சும்மா கொடுத்தால் வேண்டாம் என்கிறவன் எப்படிப்பட்ட திருடன்? குழம்பு வைக்கிற வீட்டில் மீனைத் துண்டு போடுவார்கள்; சாணாவது முழமாவது, பெரிதாக இருந்தால் லாபம். ஒரே அளவு மீன் யாருக்கு வேண்டும்? ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு முழு மீன் என்று துரைத்தனமாகப் பரிமாறுகிறவனுக்கு வேண்டும். ஒருவன் தட்டில் பெரிசும் இன்னொருவன் தட்டில் சிறிசும் விழுந்தால் மேஜையில் முணுமுணுப்பு வரும். அடுத்தது, வெள்ளிக்கிழமை. நம் வீடுகளில் பாதிக்கு மேல் அன்றைக்கு மீன் தொடாது. வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்கி மீன் தின்கிற பிரெஞ்சு வழக்கத்து மேஜைக்குத்தான் அன்று மீன் தேவை. வில்லை மாட்டிய பெண்கள் இருபது பேர் என்று அஞ்சலாட்சி சொல்லியிருந்தாள். ஆகவே தட்டும் ஏறக்குறைய இருபது.

"வெள்ளிக்கெழம மத்தியானம் இருபது தட்டு போடுற எடம் ஊர்ல ஒண்ணுதான் முசே" என்றான் அம்மாவாசை. "கடற்கரைக்குப் பின்தெரு, பச்சைக் கதவு. எத்தன தொந்திய அங்க எறக்கி விட்டிருக்கேன். போகும்போது ஒரு எட, வரும்போது ஒரு எட."

பச்சைக் கதவு வீடு ஒரு சாப்பாட்டு விடுதி. நடத்துகிறவர் வைத்திலிங்கம். கப்பலேறுவதற்குக் காத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் முன்பு அங்கே தங்கியிருந்தன. இப்போது ஊர்ப் பெரிய மனிதர்கள் வெள்ளிக்கிழமை விருந்துக்கு வருகிறார்கள். அம்மாவாசை பின்வாசல் பக்கமாகக் கழன்றுகொண்டான். தெய்வசிகாமணி முன்வாசலில் நுழைந்தார்.

வெண்ணெயில் மீன் பொரிகிற மணம் கூடம் முழுவதும் நின்றது. நீளமான மேஜை, வெள்ளை விரிப்பு, தட்டுக்குத் தட்டு ஒரு சாண் வவ்வால். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த புது அதிகாரி, இன்னும் பலர் முள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், என்ன தின்கிறோம் என்று இவர்களுக்குத் தெரியாது என்று தெய்வசிகாமணி நினைத்துக்கொண்டார். வழியெல்லாம் அப்படித்தான் நினைத்து வந்தார்.

காலியாக இருந்த ஒரே நாற்காலியில் வைத்திலிங்கம் அவரை உட்காரவைத்தார். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் கைதுடைக்கும் துணியைச் சுருட்டிச் செருக ஒரு மர வளையம், அதில் அவரவர் பேர். அது அந்த வீட்டுப் பழக்கம். தெய்வசிகாமணி தன் எதிரே இருந்த வளையத்தைத் திருப்பிப் பேரைப் படித்தார். படித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பையில் போட்டுக்கொண்டார்.

தட்டு வந்தது. அவர் மீனைத் தொடவில்லை. அஞ்சலாட்சியிடம் வாங்கி வந்திருந்த வில்லையை எடுத்து மீனுக்குப் பக்கத்தில் வைத்தார். பித்தளை பீங்கானில் பட்டுச் சத்தம் எழுந்தது. மேஜை நிமிர்ந்து பார்த்தது. வைத்திலிங்கத்தின் முகத்தைத்தான் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

நீதிபதி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "என்ன வைத்தி, இன்னொண்ணும் சங்கிலிய அத்துக்கிட்டு வந்துடுச்சா?"

மேஜை முழுவதும் சிரித்தது. ஆசிரியர் புரையேறும்வரை சிரித்தார். சென்னை அதிகாரிக்கு மட்டும் பிரெஞ்சு தெரியாது. பக்கத்தில் இருந்தவர் வில்லையில் இருந்த சொல்லின் அர்த்தத்தைக் காதில் சொன்னார்; அவரும் சிரித்தார்.

தெய்வசிகாமணி மேஜையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாக இந்த மேஜைக்கு இது ஒரு விளையாட்டு. காலையில் தங்கள் வாசலில் கூடை இறக்குகிறவளின் கழுத்தில் படித்துவிட்டு, மத்தியானம் இங்கே வந்து அவள் மீனையே தின்றிருக்கிறார்கள். மலம் தின்றாலும் இதைவிடச் சுத்தம் என்று அவருக்குத் தோன்றியது.

அதற்குள் அம்மாவாசை பின்கட்டிலிருந்து வந்துவிட்டான். ஒரு கையில் மீன் சுமந்த ஈரக் கோணி, ஒரு கையில் துரைத் தொப்பி. "தொப்பி கெடைச்சுடுச்சு முசே. தலையத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றான்.

வரிக்கார ஐயா தான்தான் என்பதை வைத்திலிங்கம் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அவசியம் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை. கப்பலேறிப் போனவர்கள் தங்கள் நாய்களை அவர் பொறுப்பில் விட்டுப் போனார்களாம், சோறு போடுவதற்குப் பணமும் கொடுத்துவிட்டு. கப்பல் மறைந்ததும் வில்லைகளைக் கழற்றிக்கொண்டு நாய்களைத் தெருவில் விட்டிருக்கிறார். மீதி வேலையை நகராட்சி வண்டி பார்த்துக்கொண்டது. பித்தளையை வீணாக்குவானேன் என்று யோசித்திருக்கிறார். இதையெல்லாம் சமையல் குறிப்புச் சொல்வது போலச் சொன்னார்.

"நான் என்னா பொய்யா எழுதினேன்? வில்லைல உள்ளது உள்ளபடி இருக்குது. படிக்கத் தெரிஞ்சவங்க ஊர்ல எத்தன பேரு. ஒருத்தராவது அவளுவகிட்ட சொன்னாங்களா? மொதல்ல அவங்களப் போய்ப் புடிங்க" என்றார்.

மேஜையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை, மீன் மிச்சமிருந்தது.

அம்மாவாசை கோணியை ஒரு பக்கமும் வைத்திலிங்கத்தை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தான். இரண்டில் எது அதிகம் நாறுகிறது என்று வழிநெடுக யோசித்ததாகப் பிறகு சொன்னான்.

கலியமூர்த்தி வைத்திலிங்கத்தைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொண்டார். இவர் கௌரவமானவர், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், கோணியும் தொப்பியும் சாட்சியாகுமா என்று இழுத்தார். தெய்வசிகாமணி பையிலிருந்து மர வளையத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் கலியமூர்த்தி என்று அழகான எழுத்தில் செதுக்கியிருந்தது.

"உங்க தட்டு ஆறிப்போயிடுச்சு. இந்தக் கேசால இன்னைக்கு விருந்துக்குப் போக முடியல போலிருக்கு" என்றார். "நாளைக்குக் கோர்ட்டுல நான் வாயத் தொறக்கணும். மீனைத் தந்தவங்களப் பத்தி மட்டும் பேசணுமா, தின்னவங்களப் பத்தியும் பேசணுமான்னு நீங்களே சொல்லுங்க."

உதட்டோரச் சிரிப்பு அப்போதுதான் போனது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தனக்கொடி வெளியே வந்தாள். வைத்திலிங்கம் உள்ளே போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலாட்சியும் குப்பத்துப் பெண்களும் காத்திருந்தார்கள். தனக்கொடி நேரே தெய்வசிகாமணியின் முன்னால் வந்து நின்றாள்.

"சாயங்காலம் சொல்றேன்னீங்க."

பொய் சொல்லிவிடலாமா என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஊரில் அவளுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் போதாதா? சொன்னார். நாய் என்று எழுதியிருக்கிறது என்றார். எதற்கு அந்த வில்லை, யார் கழுத்தில் கிடந்தது, அந்த நாய்கள் என்ன ஆயின என்று ஒன்றையும் மறைக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கழுத்தில் கைவைத்தார்கள். அஞ்சலாட்சி தாலியைக் கையில் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தனக்கொடி மட்டும் நின்றாள். "நாயிக்கு வரி உண்டு" என்றாள்.

"உண்டு."

"எனக்கு?"

"இல்ல. தலையில சொமந்து விக்கிறவரைக்கும் இல்ல."

 தனக்கொடி மெதுவாகப் பேசினாள். "கூடைய எறக்குறப்ப குனிவோம். வில்லை முன்னால வந்து தொங்கும். அந்தக் கடலோரத் தெரு அம்மாங்க எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாப்பாங்க. மீனத்தான் பாக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."



அடுத்த வெள்ளிக்கிழமை கடலோரத் தெருக்களில் கூடைகள் வந்தன. ஆனால் எந்த வாசலிலும் நிற்கவில்லை, மீன் மீன் என்று யாரும் கூவவும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்ட சமையல்காரர்களைப் பெண்கள் திரும்பியும் பார்க்காமல் நடந்தார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த வீட்டுக்கு மீன் கிடையாது என்று குப்பத்தில் முடிவாகியிருந்தது. நீதிபதி வீட்டிலிருந்து இரட்டை விலை தருவதாக ஆள் வந்து, வந்த வழியே திரும்பிப் போனான். பெரிய மனிதர்கள் வீட்டில் எல்லாம் அன்றைக்கு முட்டை வெந்தது. கடைத்தெருவில் அம்மாவாசை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தெய்வசிகாமணியும் வெகுநாளைக்குப் பிறகு கிராம்பைத் தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். தெருவில் கூடையோடு தனக்கொடி வந்தாள். அவர் எழுந்து, உள்ளே இருந்த மனைவி வரலட்சுமியைப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். தனக்கொடி நின்றாள், கூடையை இறக்கவில்லை.

"ரெண்டு வருசமா இந்த வாசல்லயும்தான் எறக்குறேன்" என்றாள். "அம்மா வெல பேசுவாங்க. நீங்க இதே நாற்காலில குந்திக்கிட்டு, செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லி, செவப்பா இருக்கான்னு பாப்பீங்க. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமே, ஐயா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அன்று காவல் நிலையத்தில் முதல்முறையாகப் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தார். "சத்தியமா நான் படிக்கல" என்றார். "நான் மீனைத்தான் பாத்தேன். உன்னப் பாக்கவே இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் தனக்கொடி.

வரலட்சுமி பாத்திரத்தோடு வாசலுக்கு வருவதற்குள் கூடை அடுத்த வீட்டைத் தாண்டியிருந்தது.